பழைய பெல்ட் அறுவடை வண்டி: மீட்டரைப் பார்ப்பதா, வயலில் பார்ப்பதா?

கேள்வி: சேரன்மகாதேவி அருகே கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் பயிரிடுகிறேன். பதினான்கு அடி வெட்டு அகலமுள்ள பழைய டயர் அறுவடை வண்டி ஒன்றைச் சொந்த அறுப்புக்கும் வாடகைக்கும் வைத்திருக்கிறேன். முதல் போகமான கார் அறுப்பில் மழை பிடித்துவிட்டால் அது தொழிச் சேற்றில் புதைந்துவிடுகிறது. ஆகவே, அடுத்த போகமான பிசான அறுப்புக்குள், சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் பழைய பெல்ட் வண்டி ஒன்று வாங்க விரும்புகிறேன். 68 குதிரைத்திறன் குபோட்டா வண்டிகள் இரண்டைப் பார்த்திருக்கிறேன். ஒன்று தரகரிடம் உள்ளது. 2019ஆம் ஆண்டு வண்டி, மீட்டரில் 1,400 மணி நேரம், புதுப் பெயிண்ட், புதுப் பெல்ட். ஆனால் மிதிகளின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. மற்றது ஆத்தூர் பக்கத்தில் ஒரே உரிமையாளரிடம் உள்ளது. 2018ஆம் ஆண்டு வண்டி, 2,900 மணி நேரம், பெல்ட் பாதி தேய்ந்திருக்கிறது, பழுதுபார்த்த பில்கள் எல்லாம் இருக்கின்றன. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எதை வாங்கலாம்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்வதானால், வயலில் ஓட்டிப் பார்த்துத் தேறுமானால் ஆத்தூர் வண்டியையே வாங்குங்கள். வாடகைக்கு ஓடும் பெல்ட் வண்டிகள் ஒரே ஊரில் நிற்பதில்லை; டெல்டாவின் சம்பா அறுப்பு, அதன்பின் தாமிரபரணிப் பாசனத்தின் பிசானம், பிறகு வேறு மாவட்டம் என்று அறுப்பைத் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கின்றன. அப்படிப்பட்ட தொழிலில் 2019ஆம் ஆண்டு வண்டி 1,400 மணி நேரம்தான் ஓடியது என்றால், இடையில் எங்கே நின்றது என்பதற்கு விற்பவர் தெளிவான விடை சொல்ல வேண்டும். மீட்டரை மாற்றலாம், பெயிண்டும் அடிக்கலாம். ஆனால் மிதியின் ரப்பரையும் கைப்பிடிகளின் தேய்மானத்தையும் யாரும் நினைத்துப் பார்த்து மாற்றுவதில்லை. நீங்கள் கண்ட வழவழப்பு மீட்டரை நம்பாதே என்றுதான் சொல்கிறது.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், டயரிலிருந்து பெல்ட்டுக்கு மாறும்போது எது கூடும், எது குறையும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பழைய வண்டியின் வெட்டு அகலம் நாலேகால் மீட்டர். வாங்கப்போகும் பெல்ட் வண்டிக்கு ஏறத்தாழ 2 மீட்டர்தான். ஏக்கருக்கு ஒரு மணி நேரம் முதல் ஒன்றேகால் மணி நேரம் வரை பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் வாடகை மணிக்கணக்கில்தான் என்பதால், வயல்காரர்கள் இதை உங்களிடம் கட்டாயம் கேட்பார்கள். மேலும் டயர் வண்டி தன் சக்கரத்திலேயே ஊர் விட்டு ஊர் போய்விடும். பெல்ட் வண்டியைத் தார்ச்சாலையில் ஓட்டினால் பெல்ட் விரைவில் தேய்ந்துவிடும் என்பதால் லாரியில்தான் ஏற்றியிறக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். நெல்லைச் சுழற்றியடிக்கும் இவ்வகை வண்டிகளில் வைக்கோல் நசுங்கி நொறுங்கியும் வரும். மாடு வைத்திருப்பவர்கள் முகம் சுளிப்பதைக் கேட்க நேரிடும். இவ்வளவுக்குப் பிறகும், ஈர வயலில் புதையாமல் அறுக்கும் வண்டி உங்கள் பகுதிக்குத் தேவை என்பதே என் கருத்து.

இனி வண்டிக்கு வருவோம். பெல்ட் புதிதாக இருப்பதைக் கண்டு ஏமாறாதீர்கள். பெல்ட்டைச் சுற்றவைக்கும் பல்சக்கரத்தையும் அடியிலுள்ள உருளைகளையும்தான் முதலில் பார்க்க வேண்டும். பல்லின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கொக்கிபோல் வளைந்திருந்தால், அந்தப் பல்சக்கரம் புதுப் பெல்ட்டையும் விரைவில் கெடுத்துவிடும். உருளைகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டமோ, எண்ணெய்க் கசிவோ இருந்தால் அதன் பேரிங் போய்விட்டது என்று பொருள். ஆத்தூர் வண்டியின் பெல்ட் பாதி தேய்ந்தது என்கிறீர்கள். அதன் உட்பக்கத்தில் விரல் வைத்துத் தடவி, வெடிப்பு இருக்கிறதா, இரும்புக் கம்பி வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். கம்பி தெரியாதவரை ஒரு பிசானம் ஓட்டலாம். கம்பி தெரிந்துவிட்டால் புதுப் பெல்ட்டின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

எஞ்சினைக் காலையில், அது சூடேறாமல் இருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே விற்பவர் ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஓடும்போது நீலப் புகை நிற்காமல் வந்தாலோ, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும் உள்ளிருந்து காற்று பலமாகச் சீறினாலோ எஞ்சின் வேலை காத்திருக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினைவிட எனக்குக் கவலை தருவது, வண்டியை முன்னும் பின்னும் செலுத்தும் ஹைட்ராலிக் பம்ப்தான். காலையில் நன்றாக இழுக்கும் வண்டி, ஒரு மணி நேரம் அறுத்துச் சூடேறிய பிறகு வரப்பு ஏற முடியாமல் திணறினால், அந்தப் பம்ப் தேய்ந்திருக்கக்கூடும். அதைச் சரிசெய்யும் செலவு பெரியது. முற்றத்தில் நிற்கும் வண்டியில் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஆகவே, நிற்கும் நெற்பயிரில் ஓடுவதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அறுப்பு முடிந்த பிறகு விலை இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது ஓட்டிப் பார்க்க வயல் கிடைக்காது. ஜனவரியில் டெல்டாவில் சம்பா அறுப்பு நடக்கும்போது ஆத்தூர் வண்டி அங்கே ஓடுமானால், தஞ்சாவூர் வரை ஒரு நடை போய்வருவது வீண் செலவாகாது.

அங்கே செய்ய வேண்டியது இது. அறுக்காத பயிரின் அடியில் ஒரு சதுர மீட்டரில் ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கும் மணிகளை எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு, வண்டி வெட்டிச் சென்ற தடத்தில், வெட்டு அகலமான 2 மீட்டருக்குக் குறுக்காகவும் நீளவாக்கில் அரை மீட்டருக்கும் கயிறு போடுங்கள். அதுவும் ஒரு சதுர மீட்டர்தான். அதற்குள் விழுந்த வைக்கோலை உதறி எடுத்து, தரையில் கிடக்கும் மணிகளையும் கதிரிலேயே ஒட்டியிருக்கும் மணிகளையும் எண்ணி, முதல் எண்ணிக்கையைக் கழித்துவிடுங்கள். அம்பை 16 ரகத்தில் 1,000 மணிகளின் எடை சுமார் 24 கிராம். எனவே சதுர மீட்டருக்கு 40 மணி என்றால் ஏக்கருக்கு 4 கிலோ வீணாகிறது. 200 மணி என்றால் 20 கிலோ. சன்ன ரகமானால் எடை இதைவிடக் குறையும். மணிகள் கதிரிலேயே ஒட்டியிருந்தால் கதிரடிக்கும் உருளையின் பற்களோ அதன் கீழுள்ள சல்லடையோ தேய்ந்திருக்கலாம். தனி மணிகளாக வைக்கோலோடு போனால் வேகமோ பதரை ஊதும் காற்றோ கூடுதலாக இருக்கலாம். ஆபரேட்டரிடம் வேகத்தைக் குறைத்து, காற்றைத் திருத்தச் சொல்லி மறுபடியும் எண்ணுங்கள். திருத்திய பிறகும் இழப்பு குறையாவிட்டால் உட்பாகங்களில் தேய்மானம் இருக்கிறதென்று கொள்ளுங்கள். தொட்டியிலிருந்து ஒரு கை நெல்லை எடுத்துப் பாருங்கள்; உமி நீங்கிய அரிசி நிறையத் தெரிந்தால் அடிக்கும் வேகம் அதிகம்.

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகு, நெல்லை மேலே ஏற்றும் குழாய்களின் அடித்தகட்டைப் பார்க்க மறவாதீர்கள். நெல் உமியின் சொரசொரப்பு அந்தத் தகட்டை அரித்துவிடும். பெயிண்டுக்கு அடியில் ஒட்டுத்தகடு வெல்டிங் செய்திருப்பது விரலுக்குத் தட்டுப்படும்.

காகிதங்களைப் பொறுத்தவரை, சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆவணத்தோடு ஒத்திருக்க வேண்டும். கடன் பாக்கியிருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்று கைக்கு வரும்வரை முழுத் தொகையைக் கொடுக்காதீர்கள். பதிவான வண்டியானால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டும், கடன் குறிப்பை நீக்கப் படிவம் 35உம் வேண்டும்.

பழைய டயர் வண்டியை இப்போதே விற்றுவிடாதீர்கள். பிசான அறுப்பின்போது வயல் காய்ந்து வண்டி தாங்குமானால், பெரிய வயல்களில் அதுதான் வேகமாக முடிக்கும். வாங்கும் பெல்ட் வண்டி ஒரு பிசானமும் ஒரு காரும் தடையின்றி ஓடிய பிறகு அதை விற்பதைப் பற்றி யோசிக்கலாம். அதற்கிடையில், எந்த வண்டியை வாங்கினாலும் அதன் பெல்ட், வெட்டுக் கத்தி, பேரிங் ஆகியவை திருநெல்வேலியில் ஒரே நாளில் கிடைக்குமா, அறுப்புக் காலத்தில் வயலுக்கே வரக்கூடிய மெக்கானிக் யார் என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள்.