சிவப்பு முடியும் கேலிப் பேச்சும்: மாலதி பதில்கள்

வணக்கம். நான் மாலதி. சொந்த ஊர் மதுரை, இப்போது இங்கிலாந்தின் லீட்ஸில் பள்ளி ஆசிரியை. பாடம் நடத்துவது பாதி வேலை. பிள்ளைகளுக்குள் நடக்கும் கேலி, அடிதடி, அழுகை, அதற்குப் பின் வரும் பெற்றோர் புகார் இதையெல்லாம் கவனிப்பது மீதிப் பாதி. சிவப்பு முடியோடு பிறந்த பிள்ளைகள் இங்கே படும் பாட்டைப் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதப் போக, கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், யாரும் கோபிக்க வேண்டாம்.

நெல்லை ராஜா: நாம் வெள்ளைத் தோலைக் கண்டால் வாயைப் பிளக்கிறோம். அவர்களுக்குள்ளேயே முடி நிறத்தை வைத்துக் கேலியா? நம்பும்படி இல்லையே மேடம்.

நம்புங்கள் ராஜா. 11 வயதில் பெரிய பள்ளிக்கு வரும் சிவப்பு முடிப் பையனுக்கு முதல் வாரத்திலேயே பட்டப்பெயர் விழுந்துவிடும். கேரட், ஜிஞ்சர் (இஞ்சி; சிவப்பு முடிக்காரரை இங்கே இப்படித்தான் கூப்பிடுவார்கள்), டியூராசெல் (அந்த பேட்டரியின் செம்பு நிறத் தலையை நினைத்துக்கொள்ளுங்கள்). சாப்பாட்டு வரிசையில் பின்னால் நிற்பவன் இவன் தலைக்கு மேலே இரண்டு கையையும் நீட்டிக் குளிர் காய்வதுபோலத் தேய்ப்பான். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். இவனும் சிரிப்பான். எங்களுக்குச் சிக்கலே இவன் சிரிப்பதுதான். விசாரித்தால் "சும்மா விளையாட்டு மிஸ்" என்று இரண்டு தரப்பும் ஒரே பதிலைச் சொல்லும். தீபாவளி சமயத்தில் பார்த்தால் அதே பையன் வயிற்று வலி என்று திங்கட்கிழமை தோறும் லீவு.

பெரும்பாலும் இந்த அளவோடு நின்றுவிடும். ஆனால் எப்போதும் அல்ல. 2007இல் நியூகாசிலில் ஒரு குடும்பம், பிள்ளைகளின் முடி நிறத்துக்காக வந்த தொல்லை தாங்காமல் வீடு மாறியது செய்தியாக வந்தது.

ஹாரோ சிவா: அக்கா, எங்கட மகனுக்கு 12 வயது. வகுப்பில் ஒரு பொடியனை "ஜிஞ்சர், உனக்கு ஆன்மா இல்லை" என்று சொல்லிப்போட்டானாம். பள்ளிக்கூடத்தில் இருந்து கடிதம் வந்திருக்கு. "எல்லாரும்தானே சொல்லுகினம்" என்கிறான். இதுக்குப் போய்க் கடிதமோ?

சிவா அண்ணா, அந்த "ஆன்மா இல்லை" என்ற வசனம் உங்கள் மகனுடைய சொந்தச் சரக்கு இல்லை. 2005 நவம்பரில் வந்த 'சவுத் பார்க்' கார்ட்டூன் தொடரிலிருந்து வருவது. அந்தக் கதையில் அப்படிப் பேசும் பையனைத்தான் முட்டாளாகக் காட்டியிருப்பார்கள். வெறுப்புப் பேச்சைக் கிண்டல் செய்ய எழுதிய கதை அது. பிள்ளைகள் கிண்டலை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தொடரையே பார்க்காத பிள்ளைகளும் இன்று அதைச் சொல்கிறார்கள்.

கடிதம் சரியா என்றால், சரிதான். அதற்காக மகனை நாலு சாத்துச் சாத்தவும் வேண்டாம். நான் கவனித்த வரை, இந்த மாதிரிக் கேலியில் நம் பிள்ளைகள் சேர்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வகுப்பில் நிறத்தைச் சொல்லி இவனை ஒருவன் சீண்டியிருப்பான். எல்லாரும் சேர்ந்து சிரிக்க வேறொரு தலை கிடைத்தால், அன்றைக்கு இவன் தலை தப்பும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்டுப் பாருங்கள். "ஏன் சொன்னாய்" என்று கேட்டால் வாய் திறக்க மாட்டான். "உன்னை வகுப்பில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்" என்று கேளுங்கள், கதை வெளியே வரும். அதற்குப் பிறகு பேசுவது சுலபம்.

இன்னொன்று. எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைக்கச் சொல்லிப் பள்ளியிடம் கேட்காதீர்கள். பாதிக்கப்பட்ட பையனுக்கு அது இரண்டாவது அவமானம். மறுபடி எல்லார் கண்ணும் அவன் தலைமேல்தான் போகும்.

சுபா, கோவை: ஒருவருக்கு மட்டும் ஏன் முடி சிவப்பாகிறது? எத்தனை பேர் இருப்பார்கள்?

உலக மக்களில் 100க்கு ஒருவர், இருவர். ஸ்காட்லாந்து, அயர்லாந்து பக்கம் போனால் அதைவிடப் பல மடங்கு. முடியில் இரண்டு வகை நிறமி இருக்கிறது, ஒன்று கறுப்பு-பழுப்பு, இன்னொன்று சிவப்பு-மஞ்சள். 16ஆம் குரோமோசோமில் இருக்கும் எம்சி1ஆர் என்ற மரபணு, முதல் வகையைச் செய்யச் சொல்லி உத்தரவு கொடுக்கும் இடம். அது சரியாக வேலை செய்யாவிட்டால் இரண்டாவது வகை தங்கிவிடும். 1995இல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். பொதுவாக அப்பா ஒன்று, அம்மா ஒன்று என இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் முடி நன்றாகச் சிவக்கும். அதனால்தான் பெற்றோர் இருவருக்கும் கறுத்த முடி இருந்தும் குழந்தை சிவப்பு முடியோடு பிறந்து, அக்கம்பக்கம் வாய்க்கு வந்ததைப் பேசும். இந்த ஊர்க் கேலிகளில் ஒன்று பால்காரரைப் பற்றியது, விளக்கத் தேவையில்லை.

விஜய், பிராம்ப்டன்: கனடாவில் "சிவப்பு முடிக்காரரை உதைக்கும் நாள்" என்று ஒன்று நடந்ததாமே, உண்மையா?

உண்மை, உங்கள் நாட்டில்தான் ஆரம்பம். 2008 நவம்பர் 20க்கு என்று நாள் குறித்து, பிரிட்டிஷ் கொலம்பியாவில் 14 வயதுப் பையன் ஒருவன் ஃபேஸ்புக்கில் குழு தொடங்கினான். ஏறக்குறைய 5,000 பேர் சேர்ந்தார்கள். கனடாவின் பல பள்ளிகளில் பிள்ளைகள் நிஜமாகவே உதை வாங்கினார்கள், போலீஸ் விசாரணை வரை போனது. அந்தப் பையன் மன்னிப்புக் கேட்டான், வேடிக்கைக்காகச் செய்தது என்றான். மறுவருடம் அதே தேதியில் கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளியில் 12 வயதுப் பையனைப் பலர் சேர்ந்து அடித்தார்கள், மாணவர்கள் கைதும் ஆனார்கள்.

இதற்குப் பதிலடியாக ஜனவரி 12ஐ "சிவப்பு முடிக்காரருக்கு முத்தமிடும் நாள்" என்று அறிவித்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் 13 வயதுப் பெண்பிள்ளை யாரோ ஒருவன் முத்தத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தால், அதுவும் தொல்லைதானே? எங்கள் பள்ளியில் நாங்கள் இரண்டு நாளையும் ஒரே கண்ணோடுதான் பார்ப்போம்.

அருண், லண்டன்: இதையும் இனவெறி என்று சொல்கிறார்களே. உங்களுக்குச் சம்மதமா? தெருவில் "பாக்கி" (தெற்காசியரை இழிவாகச் சொல்லும் சொல்) என்று துரத்தப்பட்டவன் நான். எரிச்சலாக இருக்கிறது.

எரிச்சல் நியாயமானது, அருண். எனக்கும் சம்மதமில்லை. சிவப்பு முடி என்பதால் வாடகை வீடு மறுக்கப்பட்ட கதையை நான் கேட்டதில்லை, விமான நிலையத்தில் தனியாக அழைத்துப் போய்ச் சோதித்த கதையையும் கேட்டதில்லை. வேண்டாம் என்றால் முடிக்குச் சாயம் பூசிக்கொள்ளலாம், நம் தோலுக்கு அது நடக்காது. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் பாதுகாக்கும் ஒன்பது அடையாளங்களில் முடி நிறம் இல்லை. காவல்துறை வெறுப்புக் குற்றமாகத் தனியாகக் கணக்கெடுக்கும் ஐந்து வகைகளிலும் (இனம், மதம், பாலியல் நாட்டம், மாற்றுத்திறன், திருநர் அடையாளம்) இல்லை.

ஆனால் இதன் மறுபக்கம் எனக்குப் பள்ளியில் தினமும் தெரிகிறது. உங்களை அந்தச் சொல்லால் ஒருவன் கூப்பிட்டால் ஆசிரியர் முகம் மாறும், பதிவேட்டில் ஏறும், பெற்றோருக்கு அழைப்புப் போகும். ஜிஞ்சர் என்று கூப்பிட்டால் ஆசிரியரே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவதைப் பார்த்திருக்கிறேன். தோலைச் சொல்லக்கூடாது, உடல் குறையைச் சொல்லக்கூடாது என்று ஒவ்வொன்றாகக் கதவு சாத்தியாயிற்று. மிச்சமிருக்கும் சில கேலிகளில் இது ஒன்று, அதனால் எல்லாரும் இந்த வழியாக நுழைகிறார்கள். இனவெறிக்குச் சமம் என்று நிறுவினால்தான் இதைத் தடுக்க முடியும் என்பதும் இல்லை. 2006ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, மாணவர்களுக்குள் நடக்கும் எல்லா வகைத் துன்புறுத்தலையும் தடுக்க ஏற்பாடு செய்வது இங்கிலாந்தில் தலைமை ஆசிரியரின் கடமை. என்ன காரணத்துக்காக நடந்தது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை.

கீதா: பெரியவர்கள் யாரும் தட்டிக் கேட்பதில்லையா?

பெரியவர்களே முன்வரிசையில் நிற்கும்போது யார் கேட்பது? 2009 கிறிஸ்துமஸுக்கு டெஸ்கோ கடைகளில் ஒரு வாழ்த்து அட்டை விற்றார்கள். சாண்டாவின் மடியில் சிவப்பு முடிக் குழந்தை. சாண்டாவுக்கு எல்லாக் குழந்தைகளையும் பிடிக்கும், ஜிஞ்சர் குழந்தைகளைக் கூட, என்று வாசகம். அந்த "கூட" தான் அவர்கள் சிரிப்பு. மூன்று சிவப்பு முடிப் பெண்பிள்ளைகளின் அம்மா ஒருவர் புகார் செய்த பிறகு எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் லேபர் கட்சியின் துணைத் தலைவர் ஹாரியட் ஹார்மன் மேடையில் அமைச்சர் டேனி அலெக்சாண்டரை "ஜிஞ்சர் எலி" என்கிற மாதிரி பேசினார். கூட்டம் சிரித்தது. வேடிக்கை என்னவென்றால், சமத்துவச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரே இந்த ஹார்மன்தான். பிறகு மன்னிப்புக் கேட்டார். ஜிஞ்சராக இருப்பதில் பெருமைதான், எலியும் அடுத்தவர் போட்ட குப்பையைச் சுத்தம் செய்கிறது என்கிற தோரணையில் அலெக்சாண்டர் பதில் கொடுத்தார். மந்திரிக்கு அப்படி ஒரு பதில் வாயில் வந்துவிடும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

பாலா சார், திருச்சி: இந்த வெறுப்பு எங்கிருந்து தொடங்கியது? வரலாறு உண்டா?

உண்டு சார், ஆனால் ஒரே நூலாக இழுக்க முடியாது. யேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்குச் சிவப்பு முடி வைத்து ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வரைந்தார்கள். பைபிளில் அவன் முடி நிறம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ், வடக்கே, இன்றைய ஸ்காட்லாந்தில் வாழ்ந்த கலிடோனியரின் சிவந்த முடியைக் குறித்திருக்கிறார். அதாவது வென்றவன் பார்வையில் எல்லைக்கு அப்பால் இருப்பவனின் முடி. அயர்லாந்துக்காரரையும் ஸ்காட்லாந்துக்காரரையும் ஆங்கிலேயர் இளக்காரமாகப் பார்த்ததன் மிச்சம்தான் இது என்று பலரும் சொல்வார்கள். ஓரளவு ஏற்கலாம். முழுக்க ஏற்க எனக்குத் தயக்கம். ஸ்காட்லாந்திலேயே, கிளாஸ்கோ பள்ளியிலும் இதே கேலி நடக்கிறது, ஆஸ்திரேலியாவில் ஒராங்குட்டானைச் சுருக்கி "ராங்கா" என்கிறார்கள். இத்தனைக்கும் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்துக்கே சிவப்பு முடி, அவர் காலத்தில் அது நாகரிகம். எண்ணிக்கையில் குறைவு, தூரத்திலிருந்தே கண்ணில் படும், ஆதரவாகக் கூட்டம் சேராது. பள்ளிக்கூடத்துக்கு இந்த மூன்றே போதும் என்பது என் அனுபவம்.

நிவேதா: ஆண் பெண் வித்தியாசம் உண்டா? சினிமாவில் சிவப்பு முடிக் கதாநாயகிகளைப் பார்க்கிறோமே.

உண்டு. பெண்ணுக்கு முன்கோபி, அடங்காதவள் என்று பெயர், ஆணுக்குச் சோப்ளாங்கி அல்லது கோமாளி என்று பெயர். 1997இல் அமெரிக்காவில் இரண்டு சமூகவியலாளர்கள் சிவப்பு முடிக்காரர்களிடம் பேசி எழுதிய ஆய்விலும் இதே பட்டியல் வருகிறது. சின்ன வயதில் கேலி, வளர்ந்த பிறகு அதே முடிமேல் பெருமை என்ற போக்கையும் அவர்கள் குறித்திருக்கிறார்கள். சிவப்பு முடி, திக்குவாய், கண்ணாடி மூன்றும் சேர்ந்து பள்ளியில் பட்ட பாட்டை ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். 2025 பிப்ரவரியில் அவரோடு ரஹ்மான் மேடையேறியபோது சென்னையில் ஒருவராவது அவர் முடியைப் பற்றி யோசித்திருப்பார்களா?

ரேவதி, செவிலியர், தஞ்சை: சிவப்பு முடிக்காரருக்கு மயக்க மருந்து அதிகம் வேண்டும் என்கிறார்களே?

2004இல் ஒரு சின்ன ஆய்வு, 10 சிவப்பு முடிப் பெண்கள், 10 கறுத்த முடிப் பெண்கள். முதல் குழுவுக்கு டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க மருந்து 19% கூடுதலாகத் தேவைப்பட்டது. பிறகு வந்த பெரிய ஆய்வில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. வெயில் விஷயம் மட்டும் சந்தேகமில்லாமல் உண்மை. சீக்கிரம் தோல் வெந்துவிடும், மெலனோமா புற்றுநோய் ஆபத்தும் கூடுதல். விளையாட்டு மைதானத்தில் கிரீம் பூசும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதே என்று நான் கத்துவது இதனால்தான்.

பெயர் வேண்டாம், எடின்பரோ: கணவர் ஸ்காட்லாந்துக்காரர், நல்ல சிவப்பு முடி. நான் யாழ்ப்பாணம். பிறக்கப் போகும் பிள்ளைக்கும் அப்படி வருமோ?

அநேகமாகக் கறுத்த முடிதான், சகோதரி. உங்கள் பக்கத்திலிருந்தும் மாறிய பிரதி வர வேண்டும், நம்மவரில் அது அபூர்வம். ஆனால் பிள்ளை கணவருடைய பிரதியைச் சுமக்கும், பேரப்பிள்ளை காலத்தில் ஆச்சரியம் வரலாம். மாமியார் ஏங்கினால் அப்படிச் சொல்லி வையுங்கள்.

செல்வி, சேலம்: நம் ஊரில் செம்பட்டை முடி என்று கேலி செய்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

காரணம் வேறு. நம் பிள்ளைகளுக்கு முடி செம்பட்டை அடிப்பது பெரும்பாலும் வெயில், உப்புத் தண்ணீர், எண்ணெய் இல்லாத வறட்சி. சில சமயம் புரதக் குறைவான சாப்பாடு. முடி மெலிந்து, நிறம் மங்கி, குழந்தை சோர்ந்தும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆக, நாம் "பரட்டை, செம்பட்டை" என்று சிரிக்கும்போது பல நேரம் சிரிப்பது ஒரு வீட்டின் வறுமையைப் பார்த்து. அது லீட்ஸில் நடப்பதைவிட மோசம் என்றுதான் எனக்குப் படுகிறது.

கார்த்திக், சென்னை ஐடி: எங்கள் கிளையன்ட் மேனேஜரை அவர் டீமே "ஜிஞ்சர்" என்று கூப்பிடுகிறது. நாங்களும் கூப்பிடலாமா?

வேண்டாம் தம்பி. அவரே தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டாலும் நீங்கள் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்.

ஐந்தோவன் மணி: நெதர்லாந்தில் சிவப்பு முடித் திருவிழா நடக்கிறதே, கறுப்பு முடியோடு போனால் விடுவார்களா?

தாராளமாகப் போகலாம். 2005இல் ஆஸ்டன் என்ற சின்ன ஊரில் ஒரு ஓவியர் 15 மாடல்கள் வேண்டும் என்று விளம்பரம் கொடுக்க, 150 பெண்கள் வந்து நின்றதில் தொடங்கியது. அப்புறம் பிரேடாவுக்குப் போய், 2019 முதல் டில்பர்க்கில் நடக்கிறது, உங்கள் ஊரிலிருந்து ரயிலில் பக்கம்தான். 2013இல் 1,672 பேர் ஒரே இடத்தில் கூடிக் கின்னஸ் சாதனை செய்தார்கள். எல்லாரும் சேர்ந்து எடுக்கும் பெரிய படத்தில் மட்டும் இயற்கையாகவே சிவப்பு முடி உள்ளவர்களுக்குத்தான் இடம். மருதாணி போட்டுக்கொண்டு போய் ஏமாற்றப் பார்க்காதீர்கள்.