புதையல் பெட்டிக்கு பீக்கன் வாங்கலாமா?

கேள்வி: நானும் மகளும் வார இறுதிகளில் ஜியோகேஷிங் போகிறோம், அதாவது ஜிபிஎஸ் எண்களை வைத்து 'கேஷ்' எனப்படும் ஒளித்த பெட்டிகளைத் தேடும் விளையாட்டு. இதுவரை மற்றவர்கள் ஒளித்து வைத்த பெட்டிகளைத் தேடினோம். இப்போது நாங்களே ஒரு மல்டி-கேஷ் (ஓரிடத்தில் கிடைக்கும் குறிப்பு அடுத்த இடத்துக்கு வழிகாட்டும் வகை) வைக்கப் போகிறோம். முதல் இடத்தில் காகிதச் சீட்டுக்குப் பதிலாக, ஆள் பக்கத்தில் வந்ததும் அடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அனுப்பும் பீக்கன் என்ற சிறு சிக்னல் கருவியை வைக்க ஆசை. கார்மின் நிறுவனத்தின் சிர்ப் என்ற பழைய பீக்கன் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: வேண்டாம். சிர்ப் மோசமான பொருள் இல்லை. அதைப் படிக்கும் கருவிதான் இன்று பெரும்பாலோர் கையில் இல்லை.

2010இல் கார்மின் அதை வெளியிட்டபோது விலை 23 டாலருக்குச் சற்றுக் கீழே. ஒரு சிஆர்2032 காசு பேட்டரியில் ஓராண்டு வரை ஓடும். சுமார் 10 மீட்டருக்குள் வருபவருக்குக் குறிப்பையும் எண்களையும் அனுப்பும், எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கும் வைக்கும். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் அது பேசுவது புளூடூத்தில் அல்ல, ஆன்ட் பிளஸ் என்ற வேறொரு முறையில். ஐபோனில் அந்த வசதி எப்போதுமே இருந்ததில்லை. சாம்சங், சோனியின் சில பழைய போன்களில் உண்டு, அதற்கும் தனி ஆப் வேண்டும். மற்றபடி அதற்குப் பொருந்தும் கார்மின் ஜிபிஎஸ் கருவிதான் வழி. சிர்ப்பில் எண்களை ஏற்றவும் அதே கருவி தேவை. உங்களிடம் அது இல்லையென்றால் மலிவாகக் கிடைக்கும் சிர்ப் மலிவானதே அல்ல. உரிமையாளர் தவிர மற்றவர்கள் மாற்ற முடியாதபடி பூட்டும் வசதியும் அதில் உண்டு. ஆகவே அப்படியும் வாங்குவதாக இருந்தால், விற்பவர் அந்தப் பூட்டை நீக்கிக் காட்டிய பிறகே காசு கொடுங்கள்.

அப்புறம் உங்கள் ஊர்க் குளிர். காசு பேட்டரி பனியில் சோர்ந்துவிடும். இரும்புத் தோட்டாப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் வெளியே வருவதே பெரும்பாடு. புளூடூத் பீக்கனுக்கும் இதே கதைதான். போதாக்குறைக்கு, ஆப் இல்லாமலே ஆண்ட்ராய்டு போனில் பீக்கன் அறிவிப்பு வரும் வசதியை கூகுள் 2018 டிசம்பரில் நிறுத்திவிட்டது. தேடுபவரை ஆப் இறக்கச் சொல்லும் கேஷுக்கு ஜியோகேஷிங் தளத்தில் ஒப்புதல் வாங்குவதும் எளிதல்ல.

என் யோசனை என்எஃப்சி ஸ்டிக்கர், அதாவது போனை அருகே கொண்டுபோனால் தன்னில் எழுதியதைப் போனுக்குத் தரும் சிப் ஸ்டிக்கர். பேட்டரியே கிடையாது, விலையும் அற்பம். என்டேக் 213 வகையில் 144 பைட் இடம் இருக்கிறது. உங்கள் எண்களுக்கு அது தாராளம். போனைத் தொடுகிற தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால், தூரத்திலிருந்தே சிக்னல் பிடிக்கும் சுவாரசியம் இதில் இல்லை. அது உண்மையான குறைதான். உலோகத்தில் ஒட்டுவதாக இருந்தால் உலோகத்துக்கென்றே விற்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள், சாதாரண ஸ்டிக்கர் அங்கே செத்துப்போகும். ஐபோன் எக்ஸ்எஸ்ஸும் அதற்குப் பின் வந்தவையும் ஸ்டிக்கரில் உள்ள இணைப்பைத் தாமாகவே காட்டும், வெறும் எழுத்தைக் காட்டாது. எனவே எண்களை வரைபட இணைப்பாக எழுதி, இரண்டு வகை போனிலும் சோதித்துப் பாருங்கள். சரியாக வந்த பிறகு பூட்டுங்கள். பூட்டாமல் விட்டால் யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்; நிரந்தரமாகப் பூட்டினால் நீங்களும் மாற்ற முடியாது.

சிர்ப்தான் வேண்டும் என்று மகள் அடம்பிடித்தால், ஜியோகேஷிங் தளத்தில் உங்கள் கேஷுக்கான பக்கத்தில் வயர்லெஸ் பீக்கன் அடையாளத்தைப் போடுங்கள். கருவி இல்லாதவருக்கு வேறொரு வழியில் எண்கள் கிடைக்கும்படியும் செய்யுங்கள். பேட்டரி மூடி இறுக்கமாக இருக்கட்டும். கேஷ் தேடி வருவது சின்னப் பிள்ளைகளும்தான், காசு பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: நான் அனுப்பும் டிராவல் பக் (ஒரு கேஷிலிருந்து இன்னொன்றுக்குத் தேடுபவர்கள் எடுத்துப்போகும் வில்லை) எங்கே போகிறது என்று பார்க்க, அதில் இருப்பிடம் காட்டும் ஆப்பிள் ஏர்டேக் கட்டிவிடலாமா?

பதில்: கட்டலாம், ஆனால் எடுத்துப்போகிறவர் பயந்துவிடுவார். உரிமையாளரைப் பிரிந்த ஏர்டேக் தன்னோடு நகர்வதை அவருடைய ஐபோன் எச்சரிக்கும். 2023 முதல் ஆண்ட்ராய்டும் ஏர்டேக் பற்றி அப்படி எச்சரிக்கிறது. முன்பின் தெரியாதவர் வீடு எங்கே இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்துபோகும். அது நல்லதல்ல. டிராவல் பக்கில் ஏற்கெனவே கண்காணிப்பு எண் இருக்கிறது, அதை வைத்துப் பதிவு செய்வதுதான் அந்த விளையாட்டே. ஏர்டேக்கை உங்கள் சாவிக்கொத்தில் மாட்டுங்கள். பேட்டரி மாற்றும்போது மட்டும் ஒரு கவனம்: குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய சிஆர்2032 சில நேரம் ஏர்டேக்கில் வேலை செய்யாது.

கேள்வி: என்னிடம் இருப்பது கார்மின் ஈட்ரெக்ஸ் 20 ஜிபிஎஸ் கருவி. சிர்ப்பைப் படிக்குமா?

பதில்: படிக்காது. அந்த வரிசையில் ஈட்ரெக்ஸ் 30இல்தான் அந்த வசதி. இதற்காக மட்டும் கருவியை மாற்றாதீர்கள்.