பட்டறையிலிருந்து வந்த வரலாற்றாசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றை எழுதிய டேவிட் மாண்ட்கோமரியைச் சென்ற கட்டுரையில் மிகவும் பாராட்டியிருந்தீர்கள். பட்டறைத் தொழிலாளியாகவும் தொழிற்சங்கக்காரராகவும் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராகவும் இருந்த ஒருவர் எழுதும் தொழிலாளர் வரலாற்றை எப்படி நம்புவது? பழைய பற்று ஆய்வைக் கோணலாக்கிவிடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கேட்க வேண்டிய கேள்விதான். மாண்ட்கோமரி 1950களில் மெஷினிஸ்டாக வேலை பார்த்தார். இடதுசாரி என்பதால் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு ஆலைகளில் வேலை கிடைக்காமல் போன பிறகே மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1962இல் முனைவர் பட்டம் பெற்றார். பிட்ஸ்பர்க்கிலும் பின்னர் யேலிலும் கற்பித்தார்.

அவருக்கு முன்பு எழுதப்பட்ட தொழிலாளர் வரலாறு பெரும்பாலும் சங்கங்கள், தலைவர்கள், ஒப்பந்தங்கள் ஆகியவற்றின் வரலாறாகவே இருந்தது. வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பட்டறைக்குள் தீர்மானித்தவர் யார் என்று மாண்ட்கோமரி கேட்டார். இயந்திரத்தின் முன் நின்று பழகியவருக்கு இயல்பாக எழும் கேள்வி இது. ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், 1870களில் இரும்பை உருளைகளுக்கிடையே விட்டுத் தகடாகவும் தண்டாகவும் ஆக்கும் ஓர் உருட்டாலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கக் கூட்டங்களில் எழுதிவைத்த குறிப்பேட்டை அவர் இந்தக் கேள்வியோடு படித்தார். நிர்வாகத்தோடு பேசி முடித்தது டன்னுக்கு இவ்வளவு என்ற ஒரே கூலி மட்டுமே. அதை யாருக்கு எவ்வளவு பிரிப்பது, ஒரு நாளில் எவ்வளவு இரும்பு உருட்டுவது என்பதையெல்லாம் தொழிலாளர்களே கூடி முடிவு செய்தார்கள். அந்தக் காலத்துக் கைவினைத் தொழிலாளர்களில், முதலாளி அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்வரை கருவியைத் தொட மறுத்தவர்களும் உண்டு. குறித்த அளவுக்கு மேல் உற்பத்தி செய்து கூலி சேர்த்தவனைச் சக தொழிலாளர்கள் மதிக்கவில்லை. மேலாளர்கள் சோம்பேறித்தனம் என்று எழுதிவைத்த இந்தப் பழக்கத்தில் ஓர் ஒழுக்கநெறி இருந்ததை மாண்ட்கோமரி கண்டுகொண்டார்.

ஒவ்வொரு வேலையையும் நேரம் அளந்து, அதை எப்படிச் செய்வது என்பதை மேலாளர்களே வகுக்க வேண்டும் என்றது அமெரிக்கப் பொறியாளர் ஃபிரடெரிக் டெய்லரின் ‘அறிவியல் மேலாண்மை’. அது உடைக்க முயன்றது தொழிலாளர்களின் இந்த அதிகாரத்தைத்தான். 1911இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வாட்டர்டவுன் அரசு ஆயுதத் தொழிற்சாலையில், வேலை நேரத்தை ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்க விடமாட்டேன் என்று மறுத்த ஒரு வார்ப்புத் தொழிலாளி நீக்கப்பட்டபோது மற்ற வார்ப்புத் தொழிலாளர்களும் வெளியேறினார்கள். நாடாளுமன்றம்வரை விசாரணை போனது. கூலியை மட்டும் கணக்கில் கொள்பவருக்கு இந்தக் கோபம் புரியாது.

பற்று அவருக்கு இருந்தது. அதை அவர் மறைத்ததில்லை. 1984இல் யேலின் எழுத்தர்களும் தொழில்நுட்ப ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, அங்கே பேராசிரியராக இருந்துகொண்டே அவர்கள் பக்கம் நின்றார். அதற்காகத் தொழிலாளர்களை அவர் புனிதர்களாக்கவில்லை. 1865 முதல் 1925 வரையிலான காலத்தைப் பற்றிய அவருடைய பெருநூல், திறன்மிக்க கைவினைஞர்களோடு நின்றுவிடாமல், மண் சுமந்த கூலியாட்களுக்கும் ஆலை இயந்திரங்களை ஓட்டியவர்களுக்கும் தனித்தனி அத்தியாயங்களை ஒதுக்கியிருக்கிறது. கைவினைஞர்களின் அந்தச் சுயமரியாதை ஆண்களின் பெருமையாகவே பேசப்பட்டதையும் அவர் எழுதியிருக்கிறார். ஆயினும் அவருடைய எழுத்தில் வீட்டு உழைப்புக்குப் போதிய இடமில்லை என்பது என் கருத்து. பட்டறையின் வாசலைத் தாண்டி அவர் பார்வை அதே கூர்மையோடு செல்வதில்லை.

நீங்கள் படிப்பதானால் 1979இல் வந்த ‘Workers' Control in America’ என்ற அவருடைய கட்டுரைத் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். கொலம்பஸ் குறிப்பேட்டைப் பற்றிய பகுதி அதில் இருக்கிறது. அவர் சான்றுகளை எப்படிக் கையாள்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்