அரை நிமிஷம் முந்தி வரும் கத்தல்

கேள்வி: அம்மா, எனக்கு எழுபது வயது. பாளையங்கோட்டை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். படிக்கிற காலத்தில் வ.உ.சி. மைதானத்தில் லெஃப்ட் விங் ஆடியவன். கால்பந்து என்றால் இன்றைக்கும் சோறு தண்ணீர் வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பெங்களூரில் இருக்கும் மகன் பெரிய ஸ்மார்ட் டிவி வாங்கி மாட்டி, வைஃபை போட்டு, "இனி டிஷ் எதுக்குப்பா, எல்லாம் ஆப்லயே வரும்" என்று டிஷ்ஷைக் கழற்றிவிட்டுப் போனான். அன்று பிடித்தது சனி. ராத்திரி ஒன்றரைக்கு ஐரோப்பிய மேட்ச் என்று கண் முழித்து உட்கார்ந்தால் "மறுபடி லாகின் செய்யவும்" என்கிறது. ஓடிபி மகன் போனுக்குப் போகிறது. எழுப்பினால் எரிந்து விழுகிறான். சனிக்கிழமை ஏழரைக்கு வந்துகொண்டிருந்த மேட்ச் திடீரென்று எட்டரைக்குப் போய்விடுகிறது. இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த ஆப்பில் எல்லாமே அரை நிமிஷம் தாமதம். பின்வீட்டில் டிஷ் இருக்கிறது. அங்கே இருப்பது என் தம்பிதான். முடுக்குச் சந்து விஷயத்தில் ஒரு மனஸ்தாபம், ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. சர்க்கரையை வைத்துக்கொண்டு அறுபத்தைந்து வயதிலும் தொண்டை கிழியக் கத்துவான். அவன் கோல் என்று கத்தி முடித்த பிறகுதான் என் டிவியில் பந்து நடுக்கோட்டையே தாண்டும். கத்திவிட்டு "ச்சே" என்றால் ஆஃப்சைடு. அதுவும் முன்கூட்டியே தெரிந்துவிடும். 86-ல் மரடோனா ஆட்டத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம். அவன் மாடியில் ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு நின்றதில் இரண்டு கோலையுமே பார்க்கவில்லை, இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். மூன்று வாரமாக அவன் கத்தலும் இல்லை, கொஞ்சம் நிம்மதி. ஆனாலும் தாமதம் தாமதம்தானே? இதற்கு என்ன வழி? மகனிடம் கண்டிப்பாகப் பேசலாமா?

— பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: அண்ணாச்சி, இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் மாதம் இரண்டாவது எனக்கு வந்துவிடுகிறது. ஒருவருக்குக் கால்பந்து, ஒருவருக்குக் கச்சேரி, தென்காசிப் பக்கத்து அம்மாள் ஒருவருக்குக் கோயில் நேரலை. பெட்டி அப்பா வீட்டில், சாவி மகன் போனில். "இந்த வயதில் இது சகஜம், மெல்லப் பழகிவிடும்" என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை. ஓய்வுக்குப் பிறகு எத்தனை பாரம் பூர்த்தி செய்திருப்பீர்கள்? லாகின் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். ஏழரை எட்டரை ஆவது ஆப் செய்யும் சேட்டை கிடையாது. அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள், மார்ச் கடைசி ஞாயிறு பழையபடி முன்னால் தள்ளுவார்கள். அவர்களுக்கு அது எப்போதும் மத்தியானம் மூன்று மணி ஆட்டம்தான். பன்னிரண்டரை மணி ஐரோப்பிய ஆட்டம் ஒன்றரைக்குப் போவதும் இதே கணக்கு. காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஓடிபிக்கு வழி, உங்கள் பெயரில், உங்கள் நம்பரில் தனிக் கணக்கு. பென்ஷன் வாங்குகிறவர், வருஷத்துக்கு ஒரு தொகை கட்டமுடியாதா? மகன் கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால், இத்தனை கருவிக்கு மேல் கூடாது என்று அது யாரையாவது வெளியே தள்ளத்தான் செய்யும். பாஸ்வேர்டை டைரியில் எழுதி வையுங்கள், டிவிக்குப் பின்னால் ஒட்டி வைக்காதீர்கள். மேட்ச் இலவசம் என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொடவே வேண்டாம். போனில் ஓடிபி கேட்கிறவன் எவனாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிஷமே 1930-க்குப் போன் போடுங்கள், சைபர் மோசடிப் புகாருக்கான நம்பர் அது.

இனி தாமதம். டிஷ்ஷுக்கு வரும் படம் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வரை ஏறி இறங்குகிறது. அந்தப் பயணத்துக்குக் கால் நொடிதான். ஆப்பில் வருவதைத் துண்டு துண்டாக நறுக்கி, சர்வர் சர்வராகக் கடத்தி அனுப்புகிறார்கள். உங்கள் டிவியும் நடுவில் படம் நின்றுவிடக் கூடாதே என்று நாலைந்து துண்டைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் முதல் துண்டைக் காட்டும். அந்த அரை நிமிஷம் அங்கேதான் போகிறது. எவ்வளவு வேகமான வைஃபை போட்டாலும் முழுதாகத் தீராது. தீர வேண்டுமென்றால் டிஷ்ஷைத் திரும்ப மாட்டுங்கள். அப்போது என்ன ஆகும்? நீங்களும் தம்பியும் ஒரே நொடியில் கத்துவீர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கிழவன், அந்தப் பக்கம் ஒரு கிழவன். தெருவில் போகிறவன் சிரிக்க மாட்டானா?

போகட்டும். நான் உங்கள் கடிதத்தில் வேறொரு வரியில் மாட்டிக்கொண்டேன். "மூன்று வாரமாக அவன் கத்தலும் இல்லை, கொஞ்சம் நிம்மதி."

மூன்று வாரம் என்று எப்படித் தெரியும் அண்ணாச்சி? எண்ணியிருக்கிறீர்கள். முதல் வாரம் காது கொடுத்திருப்பீர்கள். இரண்டாவது வாரம் ஒருவேளை டிவி சத்தத்தைக் குறைத்துக்கூடப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்து லீக்கில் மட்டும் ஆகஸ்டிலிருந்து மே வரை 380 ஆட்டம். ஒரு வாரக் கடைசிக்குப் பத்து. மூன்று வாரத்தில் எத்தனை கோல் விழுந்திருக்கும்? அத்தனைக்கும் பின்வீட்டில் ஒரு சத்தம் இல்லை. ஒரு "ச்சே" கூட இல்லை. ஆளுக்கு அறுபத்தைந்து வயது, சர்க்கரை வேறு. இதை எழுதியதும் நீங்களேதான். ஊருக்குப் போயிருக்கிறாரா, டிவி கெட்டுப்போயிற்றா, இல்லை எங்காவது ஆஸ்பத்திரியில் காலில் கட்டோடு படுத்திருக்கிறாரா? உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு எட்டு வைக்கவில்லை. பேப்பர் பேனா எடுத்து, சாவகாசமாக உட்கார்ந்து, எனக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், ஆப்பில் தாமதம் என்று!

உங்கள் வீட்டு அம்மாவைக் கேட்டீர்களா? பந்தயம் கட்டுகிறேன், அவர்களுக்குத் தெரியும். ஆம்பிளைகள் பேச்சை நிறுத்திய வீடுகளில் பெண்கள் நிறுத்துவதில்லை. சுவருக்கு மேலே கறிவேப்பிலை போகும், கிண்ணத்தில் சொதி வரும், கிண்ணம் வெறுமனே திரும்பாது. உங்கள் காதில் விழாமல் நடக்கும், அவ்வளவுதான். நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று தெரிந்துதான் அவர்களும் சொல்லாமல் இருப்பார்கள்.

முடுக்கு விஷயம் என்று ஒரே வார்த்தையில் கடந்துவிட்டீர்கள். அதற்கு மேல் நானும் கேட்கப் போவதில்லை. நம் ஊர் முடுக்கு எனக்குத் தெரியாதா? மூன்றடி இருக்கும், மிஞ்சிப்போனால் நாலு. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் எதிரே ஆள் வர முடியாது. பெங்களூர்க்காரன் நாளைக்கு வந்து அதில் காரா விடப்போகிறான்? பத்திரத்தில் நியாயம் உங்கள் பக்கமே இருக்கட்டும். இருந்தாலும் மூத்தவர்தான் முதலில் படி ஏற வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. கட்டுப்பெட்டிப் புத்தி என்று சின்ன வயது வாசகர்கள் எழுதுவார்கள், எழுதட்டும். அண்ணாச்சி என்று ஊர் கூப்பிடுவதை வாங்கிக்கொள்கிறோம் இல்லையா, அதற்கு ஒரு வேலையும் உண்டு.

சேரன்மாதேவிப் பக்கம் என் பெரியப்பா மக்கள் இரண்டு பேர். வாய்க்கால் மடைத் தகராறு, பதினோரு வருஷம். மூத்தவர் செத்த அன்று இளையவர் துஷ்டிக்கு வந்தார். யாரும் தடுக்கவில்லை, யாரும் வா என்றும் சொல்லவில்லை. நீர்மாலைக்கு, அதாவது செத்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க, ஆற்றுக்குப் போகும்போது ஆளுக்கொரு குடம் கொடுத்தார்கள். அவர் கையில் கொடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. போகும்போதும் வரும்போதும் வெறுங்கையை வீசிக்கொண்டு கடைசியில் நடந்து வந்தார். எனக்கு அந்தக் கை இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. கேட்டால் அவரும் "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு மனஸ்தாபம்" என்றுதான் சொல்வார்.

உங்களுக்குச் சிரிப்பு வருகிற கதைக்கு வருகிறேன். 1986 ஜூன் 22. மெக்சிகோவில் நடுப்பகல், நமக்கு ராத்திரி பதினொன்றரைக்குத் தொடங்கிய ஆட்டம். இங்கிலாந்துக்கு எதிராக 51-வது நிமிஷம் கையால் ஒன்று, 55-வது நிமிஷம் பாதி மைதானத்தையும் ஓடிக் கடந்து காலால் ஒன்று. இந்த விவரமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், நான் வாழ்க்கைப்பட்ட வீடு அப்படி. அந்த நாலு நிமிஷமும் உங்கள் தம்பி எங்கே இருந்தார்? நடுச்சாமத்தில் மொட்டைமாடியில், ஆண்டெனாக் குழாயைப் பிடித்துக்கொண்டு. கையை விட்டால் படம் போய்விடும். "தெரியுதா?" "தெரியுதுலே, ஆடாம அப்படியே நில்லு!" இப்படித்தானே இருந்திருக்கும்? கீழே நீங்கள் கத்தினீர்கள், மேலே அவருக்கு கோல் என்று தெரிந்தது. இரண்டு தடவை. அந்த கோலை அவர் கண்ணால் பார்க்க எத்தனை நாள், எத்தனை மாதம் ஆயிற்றோ. அவருடைய தாமதம் எவ்வளவு அண்ணாச்சி? அதற்காக அவர் யாருக்காவது கடிதம் எழுதினாரா?

2020 நவம்பர் 25-ம் தேதி மரடோனா செத்துப்போனார். 2022 டிசம்பர் 18-ம் தேதி அர்ஜென்டினா 36 வருஷத்துக்குப் பிறகு கோப்பையைத் தூக்கியது. பிரான்சோடு 3-3, பெனால்டியில் 4-2. இரண்டுமே உங்கள் ஒன்பது வருஷத்துக்குள் விழுகின்றன. அந்த இரண்டு ராத்திரியும் நீங்கள் யாரோடு பேசினீர்கள்? வீட்டு அம்மாவிடம் சொல்லியிருப்பீர்கள், "அப்படியா" என்றிருப்பார்கள். 86-ஐப் பற்றி இந்த உலகத்தில் உங்களோடு பேச ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார், அவர் பின்வீட்டில் இருக்கிறார்.

மகனிடம் கண்டிப்பாகப் பேசலாமா என்கிறீர்கள். பேசுங்கள். அப்பா வீட்டு டிஷ்ஷை அப்பாவைக் கேட்காமல் கழற்றியது தப்பு, அதை முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். பிள்ளைகள் செய்து பார்க்கும் வேடிக்கைக்குப் பெற்றவர்கள் வீடு இடம் இல்லை. ஆனால் காலையில் வேலைக்குப் போகிறவனை ராத்திரி ஒன்றரைக்கு ஒரு நம்பருக்காக எழுப்பியது உங்கள் தப்பு. பெங்களூர்க்காரனைப் போன் போட்டு எழுப்பத் தெரிகிறது, பின்வீட்டுக்காரரை ஏன் என்று கேட்கத் தெரியவில்லை. இன்னொன்று: உங்கள் மகன் ஊருக்கு வந்தால் சித்தப்பா வீட்டுக்குள் போகிறானா? போவதில்லை என்றால், அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த ஆப்பும் இல்லை.

எப்படிப் போவது என்று யோசிக்க ஆரம்பித்தால் இன்னும் மூன்று வாரம் ஓடிவிடும். அல்வாப் பொட்டலம் வாங்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போகிற மாதிரி எல்லாம் வேண்டாம். தெருவைச் சுற்றி வாசல் வழியாகவும் போக வேண்டாம், அந்த முடுக்கு வழியாகவே போங்கள். "ஏலே, என்னலே சத்தத்தையே காணோம்?" என்று கேளுங்கள். பழைய கதையை எடுக்காதீர்கள். அவர் எடுத்தாலும் பிறகு பேசலாம் என்று விடுங்கள். ஆள் படுத்திருந்தால் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள், அன்றைக்கு மேட்ச் கிடையாது. ஆள் நல்லபடியாக இருந்து "எதுக்கு வந்தே?" என்று முறைத்தால் மேட்ச் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை. அவர் வீட்டில்தானே அரை நிமிஷம் முந்தித் தெரிகிறது.

உங்கள் கடிதம் என் கைக்கு வந்து, நான் எழுதி, இது அச்சாகி உங்கள் வீட்டுக்கு வந்து சேர இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும். உங்கள் ஆப் எவ்வளவோ தேவலை. அதற்குள் நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தால், இவள் யார் என்னைத் திட்ட என்று ஒரு கார்டு போடுங்கள். அதில் தம்பிக்கு என்ன, ஏன் கத்தவில்லை என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.