மான் கொம்புக் கத்தி சோறு போடுமா?

வணக்கம் அம்மா. எச்.எஸ்.சி. முடித்த பிள்ளை மேலே படிக்க மாட்டேன், கத்தி செய்யப் போகிறேன் என்றால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும். அவன் செய்த கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிக் கையோடு கொண்டுவந்தீர்களே, அது நல்லதாயிற்று. படமாக அனுப்பியிருந்தால் நானும் பிடியின் அழகில் மயங்கியிருப்பேன்.

பிடிக்குப் போட்டது நம் மொரீஷியஸின் சாமரெல் பக்கத்துப் பண்ணையில் உதிர்ந்த மான் கொம்பு என்றீர்கள். 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மானின் வம்சம், தமிழ்நாட்டுக் கடமானுக்குப் பங்காளி. மாட்டுக் கொம்பு வேறு, இது வேறு. இது எலும்பு. வெளியே கெட்டி, நடுவில் பஞ்சுபோல் பொத்தல். தம்பி அங்கேதான் கோட்டை விட்டிருக்கிறான். அலகின் வால் நுழையும் துளையில் பசை சரியாக நிரம்பவில்லை, உலுக்கினால் ஆடுகிறது. அது போகட்டும், திருத்திக்கொள்ளலாம்.

எனக்குக் கவலை அலகுதான். நான் கொல்லர் வீட்டுப் பேரன், மேசையில் எப்போதும் ஓர் அரம் கிடக்கும். விளிம்பில் இழுத்துப் பார்த்தேன், அரம் கடித்தது. எஃகு கெட்டிப்பட்டுப் பதம் ஏறியிருந்தால் வழுக்கியிருக்கும். தம்பியிடம் போனில் கேட்டேன்: அலகைச் சூடேற்றி, காந்தம் ஒட்டாமல் போனதும் எண்ணெயில் தோய்த்தானாம். காந்தம் விடுவது சுமார் 770 டிகிரியில். சாதாரணக் கரி எஃகு அதையும் தாண்டி 800ஐத் தொட வேண்டும். தோய்த்த பிறகு 200 டிகிரி அளவில் இரண்டு மணி நேரம் வாட்டாவிட்டால் கீழே விழுந்தாலே உடையும். எஃகு எது என்றேன். "பழைய இரும்பு அங்கிள்" என்கிறான்!

ஆகவே தடுக்காதீர்கள், ஆனால் பட்டறை வைக்கப் பணமும் கொடுக்காதீர்கள். முதலில் எம்.ஐ.டி.டி. தொழிற்பயிற்சி நிறுவனத்தில் வெல்டிங்கோ மெஷின் வேலையோ சேரட்டும். கத்தி விற்காத மாதத்திலும் அந்தச் சான்றிதழுக்கு வேலை உண்டு. மாலையில் கத்தி அடிக்கட்டும். வேட்டைக்காரர்களை நம்பினால் சீசனோடு வியாபாரம் முடிந்தது. சுற்றுலாக்காரர்களோ கைப்பையில் வைத்து விமானம் ஏற முடியாது. ஓட்டல் சமையல்காரர்களுக்குச் செய்து பழகுவதே மேல், அங்கே கொம்புப் பிடி வேண்டாம், கழுவக் கழுவக் கெட்டுவிடும்.

கொம்பை அறுக்கும்போது தூசு நுரையீரலுக்குப் போகும். துணி கட்டினால் போதாது, நல்ல முகமூடி இன்றைக்கே வாங்கிக் கொடுங்கள்.

அடுத்த வாரம் அவனையே வரச் சொல்லுங்கள், புதிதாக ஓர் அலகோடு. பிடி போட வேண்டாம்.