இன்வெர்ட்டரை அணைத்தாலும் பேனல் அணையாது

கேள்வி: பத்து சோலார் பேனல்களை ஒன்றன்பின் ஒன்றாக சீரீஸில் ஒரே வரிசையாக (ஸ்ட்ரிங்) இணைத்திருக்கிறேன். நான்காவது, ஐந்தாவது பேனலுக்கு நடுவில் கம்பிகளை இணைக்கும் எம்சி4 கனெக்டர் சூட்டில் இளகிப்போயிருக்கிறது. இன்வெர்ட்டரை ஆஃப் செய்துவிட்டு நானே கழற்றி மாற்றலாமா?

பதில்: இன்வெர்ட்டரை ஆஃப் செய்தது மட்டும் போதாது. கீழே சொல்லும் வரிசையை முடிக்கும் வரை அந்தக் கனெக்டரை ஆட்டிக்கூடப் பார்க்காதீர்கள். இன்வெர்ட்டர் நின்றால் மின்னோட்டம்தான் நிற்கும், வெளிச்சம் இருக்கும்வரை மின்னழுத்தம் கம்பியில் அப்படியே இருக்கும். பேனலுக்கு 45 வோல்ட் என்று வைத்தாலே பத்துக்கும் சேர்த்து 450 வருகிறது. குளிர்ந்த காலையில் இன்னும் ஏறும், சிலிக்கான் செல் ஒவ்வொரு டிகிரி குளிரும்போதும் வோல்டேஜ் கிட்டத்தட்ட 0.3 சதவீதம் கூடும். மேகம் மூடியிருக்கிறதே என்று நம்பி இறங்கவும் கூடாது, வெளிச்சம் குறைந்தால் ஆம்பியர்தான் விழும், வோல்டேஜ் அவ்வளவாக இறங்காது.

ஆளைத் தாக்குவது ஒரு ஆபத்து என்றால், தீ இன்னொன்று. 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போவதால் சுவிட்சைத் திறக்கும்போது எழும் பொறி தானாகவே அணைந்துவிடும். டிசிக்கு அந்த இடைவெளியே கிடையாது. மின்னோட்டம் ஓடும்போது கனெக்டரைப் பிரித்தால் இரண்டு முனைக்கும் நடுவில் ஆர்க் பிடித்துக்கொண்டு எரியும், உலோகமே உருகும். பிரேக்கர் காப்பாற்றும் என்றும் இருக்காதீர்கள். ஷார்ட் ஆனால்கூட ஒரு ஸ்ட்ரிங் தருகிற மின்னோட்டம் வழக்கமாக ஓடுவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம், அதற்கு எந்த ஃபியூஸும் போகாது.

சரி, வேலையின் வரிசை இது. முதலில் ஏசி பிரேக்கர், இன்வெர்ட்டர் சுமையை விட்டதும் பேனல் பக்கத்தைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசோலேட்டர், அப்புறம் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் இறங்க இன்வெர்ட்டரில் ஒட்டியிருக்கும் லேபிள் சொல்லும் நேரம் முழுவதும் காத்திருங்கள். அதற்குப் பிறகு ஸ்ட்ரிங் கம்பியில், கம்பியைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் போட்டு மின்னோட்டம் பூஜ்யம்தானா என்று பாருங்கள். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: சாதாரண ஏசி கிளாம்ப் மீட்டர் டிசியை உணரவே உணராது, 10 ஆம்பியர் ஓடினாலும் பூஜ்யம்தான் காட்டும். டிசி அளக்கும் கிளாம்ப்தான் வேண்டும், மல்டிமீட்டரும் அதன் முனைக்கம்பிகளும் 1000 வோல்ட் டிசிக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். பூஜ்யம் வரவில்லை என்றாலோ, இன்வெர்ட்டர் முன்பே எர்த் ஃபால்ட் காட்டியிருந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு சோலார் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எங்கோ கம்பியின் தோல் உரிந்து பேனல் சட்டமே மின்சாரத்தில் இருக்கலாம்.

பூஜ்யம் வந்துவிட்டதா? அப்போதும் உருகியதில் கை வைக்காதீர்கள். அதற்கு இரண்டு பக்கமும் நல்ல நிலையில் இருக்கும் கனெக்டர்களை, அதாவது மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலும், ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலும், கழற்றி முனைகளுக்கு மூடி போடுங்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது இரண்டு பேனல் மட்டும், 450 வோல்ட் 90 ஆகிவிட்டது. மின்காப்புக் கையுறையைக் கழற்றாமல், உருகிய கனெக்டரை ஒரு நேரத்தில் ஒரே கம்பியாக வெட்டி எடுங்கள்.

உருகியதற்குக் காரணம் பெரும்பாலும் கம்பியை உலோக முனையில் சரியாக அழுத்திப் பிடிக்க வைக்காதது (கிரிம்ப்) தான், இல்லையென்றால் ஒரு கம்பெனியின் ஆண் முனையோடு வேறு கம்பெனியின் பெண் முனையைக் கோத்திருப்பார்கள். 'பொருந்துகிறதே' என்பது போதாது, உள்ளே உலோகம் முழுசாகத் தொடாமல் சூடேறும். ஜோடி இரண்டும் ஒரே தயாரிப்பாக வாங்கி அதற்குரிய கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள், கொறடு வேண்டவே வேண்டாம். உங்களிடம் அந்தக் கருவியும் டிசி கிளாம்பும் இல்லையென்றால் இந்த வேலையை நீங்கள் எடுக்காமல் இருப்பதே என் விருப்பம்.

கோத்து முடித்ததும் ஐசோலேட்டரைப் போடும் முன் ஸ்ட்ரிங்கின் வோல்டேஜையும் பிளஸ் மைனஸையும் அளந்துவிடுங்கள். பிறகு நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, தொடாமல் சூடு காட்டும் இன்ஃப்ராரெட் மீட்டரால் மற்ற கனெக்டர்களையும் பாருங்கள், அவற்றை கிரிம்ப் செய்ததும் அதே கைதானே.