கடற்காக்கை கொத்திய சிப்ஸ்: மருந்து வேண்டாம்

ஆஸ்திரேலியாவின் பெர்த் கடற்கரையில் கடற்காக்கை (சீகல்) கொத்திய சிப்ஸை மகள் தின்றுவிட்டாள், வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள்.

2019இல் வெளியான மர்டோக் பல்கலைக்கழக ஆய்வில், ஆஸ்திரேலியக் கடற்காக்கைகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சுமந்தது உண்மைதான். அவற்றுக்கு யாரும் மாத்திரை கொடுக்கவில்லை. நம் குப்பைமேட்டிலும் கழிவுநீரிலும் கொத்தும்போது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கிருமி, ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா, வயிற்றுக்குள் போனாலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் தங்கிவிட்டுப் போய்விடும். வீணாக மருந்து கொடுத்தால், அந்த ஈ.கோலையோடு போட்டி போடும் நல்ல கிருமிகள்தான் முதலில் சாகும்.

காய்ச்சல், பேதி, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் வந்தால் மருத்துவரிடம் இந்தச் சிப்ஸ் கதையையும் சொல்லுங்கள். தேவைப்பட்டால் கல்ச்சர் (கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை) பார்த்து மருந்து எழுதுவார். அடுத்த முறை, வெள்ளையாக எச்சம் காய்ந்த மேசையில் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.